பரவாயில்லை என்று சொல்லக் கூடாத கூட்டம்

செய்தி வந்தபோது நான் பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் "பிரிஜித்தா அக்கா" என்று இருந்தது. திறக்காமலே மறுபடியும் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதம் அவர் இரண்டு முறை அழைத்திருந்தார். நான் எடுக்கவில்லை. இப்போது எழுத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்து எரிச்சல்கூடப் பட்டேன். சோற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் படித்தேன். "அம்மா இன்று விடியற்காலை இறைவனடி சேர்ந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ரெஜினா." மகள் தாயின் கைப்பேசியிலிருந்தே அனுப்பியிருந்தாள். எங்கள் எண்கள் அவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஆனாலும் அந்தப் பெயருக்குக் கீழே அந்தச் செய்தியைப் பார்த்தபோது, அக்கா தன் சாவைத் தானே அறிவித்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல எனக்குக் குளிரெடுத்தது.

அவர் உண்மையிலேயே ஒரு மாதமாக என்னிடமிருந்து ஒன்றை எதிர்பார்த்திருந்தார். நான் கொடுக்கவில்லை. அஞ்சலி எழுதுகிறவன் இறந்தவரின் பெருமையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் தன் தப்பை முதலில் சொல் என்பதுதான் அவர் எங்களுக்கு வைத்த சட்டம். அதனால் இதை இப்படித் தொடங்குகிறேன்.

பாலிக் புலாவ் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பிரிஜித்தா அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காலைச் சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாய்ப் போத்தல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, விலை கேட்டு வந்தவரிடம் "உங்க மரமெல்லாம் எப்படி இருக்கு?" என்று திருப்பிக் கேட்பவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, கணவர் விட்டுப்போன மூன்று ஏக்கர் ஜாதிக்காய்த் தோட்டத்தைத் தனியாக நடத்தியவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் பார்த்த முதல் நாளிலிருந்தே நான் அவருக்குத் தம்பி. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, யாராவது ஒருவருடைய தோட்டத்தில் தன்னோடு சேர்த்து எட்டு விவசாயிகளை உட்கார வைத்துப் பேச வைத்தார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர் கிடையாது. பெயர்கூடக் கிடையாது. எல்லோரும் சனிக்கிழமைக் கூட்டம் என்றுதான் சொல்வோம்.

நான் பிறவி விவசாயி அல்ல. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரம் பார்த்தவன். தேறியதை இந்தப் பக்கம், தேறாததை அந்தப் பக்கம் போடுவதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற கையோடு, நான்கு வருடத்துக்கு முன், மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் ஜாதிக்காய்த் தோட்டம் ஒன்று அடிமாட்டு விலைக்கு வந்தது. விற்றவர் சின்னையா அண்ணன், எழுபதைத் தாண்டியவர். சாவியை என் கையில் கொடுக்கும்போது, "மேல்பக்கம் போதும் தம்பி. கீழ போகாதீங்க" என்றார். கீழே ஓடைப் பள்ளம். வழுக்கும் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் சிம்பாங் அம்பாட்டில் மகன் வீட்டுக்குக் குடிபோனார். அடுத்த வருடமே இறந்துபோனார்.

ஜாதிக்காய் மரத்தடியில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே நடுப்பகலிலும் வெயில் இறங்காது. என் ஓடைப் பள்ளத்தில் காலை பதினொரு மணிக்கே விளக்கு வைக்கும் நேரம் மாதிரி இருக்கும். அங்கே மரங்கள் பூத்தன. மணி மாதிரி சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். ஆனால் ஒரு காய் இல்லை. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. காற்று இல்லாத நேரத்திலும் உதிர்ந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தோளில் ஒன்று விழும், கையில் ஒன்று விழும், தரை முழுக்க மஞ்சளாகக் கிடக்கும். பறவைச் சத்தம் இருக்காது. அந்த அமைதிக்குள் திடீரென்று எங்கோ "டப்" என்று ஒரு காய் விழும் சத்தம் கேட்கும். காயே இல்லாத பள்ளத்தில் காய் விழும் சத்தம். ஓடிப்போய்த் தேடுவேன். பூதான் கிடக்கும்.

களையெடுக்க மூன்று ஆட்களைக் கூட்டிவந்தேன். பள்ளத்தின் விளிம்பு வரை வந்து நின்றார்கள். அதில் பெரியவர் கீழே பார்த்துவிட்டு, "சினி கெராஸ், பாஸ்" என்றார். சினி என்றால் மலாயில் இங்கே; கெராஸ் என்றால் கெட்டி, கடினம். ஓ, மண் கெட்டியாக இருக்கிறது போல என்று நான் அன்று மாலையே கடைக்குப் போய்ப் புது மண்வெட்டி மூன்று வாங்கிவந்து மறுநாள் அவர்கள் கையில் கொடுத்தேன். மூவரும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவே இல்லை. வேறு ஆட்களும் வரவில்லை.

உரக்கடையில் நின்று இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர்தான் பிரிஜித்தா அக்கா.

"தம்பி, ஒரு இடத்தப் பாத்து கெராஸ்னு சொன்னா மண்ணுன்னு அர்த்தம் இல்ல லா. அங்க ஏதோ இருக்கு, போகாதன்னு அர்த்தம்."

"பேயா?"

"அவங்க பேர் சொல்ல மாட்டாங்க. கெராஸ்னு மட்டும் சொல்வாங்க." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அப்போது அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் தேடவில்லை. "நீ சனிக்கிழமை கூட்டத்துக்கு வா. தனியா உக்காந்து யோசிச்சா உன் மூளை உனக்கு ஆமாம் போட்டுக்கிட்டே இருக்கும். நாலு பேர் நடுவுல உக்காந்தா ஒருத்தனாவது இல்லன்னு சொல்வான்."

கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. தொழிற்சாலையில் உட்கார்ந்த கூட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கொம்தார் கோபுரத்து உயரம் வரும். வரவில்லை என்றேன். அவர் விடவில்லை. சந்தையில் பார்த்தால் கேட்பார், சாலையில் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கேட்பார். முன்பின் தெரியாத ஒருவனுக்காக இந்த அம்மாள் ஏன் இப்படி அலைகிறார் என்று என் மனைவியே கேட்டாள். தொல்லை தாங்காமல் ஒரு சனிக்கிழமை போனேன்.

அன்று கூட்டம் ஆ செங்கின் டுரியான் தோட்டத்தில். வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒரு ஃப்ளாஸ்க் கோப்பி, அக்கா மடியில் ஒரு நோட்டு. அதன் அட்டையில் "தப்பு" என்று எழுதியிருந்தது. ஒவ்வொருவரும் அந்த மாதம் தோட்டத்தில் தான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். ஆ செங் தன் டுரியான் மரங்களின் அடிப்பட்டையில் ஈரமாகக் கசிவதைப் பார்த்து, யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று துடைத்து விட்டுக்கொண்டே இருந்தாராம். இப்போது இரண்டு மரம் காய்கிறது என்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. புதியவனான நான் மரியாதைக்கு "பரவாயில்லை" என்றேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "இங்க யாரும் பரவாயில்லன்னு சொல்லக் கூடாது. பரவாயில்லன்னா பேச்சு முடிஞ்சு போச்சு. ஒருத்தர் தப்ப சொன்னா மத்தவங்க கேள்வி கேக்கணும்."

கேட்டார்கள். எந்தப் பக்கத்துப் பட்டை? எத்தனை மரம்? எல்லாம் ஒரே வரிசையா? மழைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நான்காவது கேள்வியில் விஷயம் வெளியே வந்தது. மேலே இருந்த பாக் மாட் என்பவரின் தோட்டத்து வாய்க்கால் உடைந்து, நோய்பிடித்த மரங்களைத் தொட்டு வந்த தண்ணீர் அந்த வரிசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாக் மாட் எனக்கு அடுத்த தோட்டத்து மலாய்க்காரர், ஏழெட்டுத் தலைமுறையாக அந்த மலையில் இருப்பவர். அவர் எதுவும் பேசாமல் நோட்டை வாங்கி, தன் பெயருக்கு எதிரே மலாயில் "வாய்க்கால்" என்று எழுதினார். இரண்டு பேரும் தனித்தனியாக இருந்திருந்தால் வேலிச்சண்டையில் முடிந்திருக்கும். மறுவாரம் இருவரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். மற்ற மரங்கள் பிழைத்தன.

ஆனால் என் தப்பை நான் ஐந்து மாதம் சொல்லவில்லை. மண்வெட்டி வாங்கிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன், உரம் அதிகம் போட்டேன் என்பேன். பள்ளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பயந்துவிட்டேன் என்று ஏழு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? யாருக்கும் தெரியாமல் ஒரு பூசாரியைக் கூட்டிப்போய் விளிம்பில் பூசணிக்காய் உடைத்திருந்தேன். ஆறாவது மாதம் என் தோட்டத்திலேயே கூட்டம். அக்கா என்னையே பார்த்தார். "தம்பி, பொய்யா சொல்லிச் சொல்லி நோட்டு நிறைஞ்சு போச்சு. அடுத்த பக்கத்துல உண்மைய எழுதுவோமா?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உதிரும் பூக்கள், காய் விழும் சத்தம், பூசணிக்காய்.

யாரும் சிரிக்கவில்லை. பாக் மாட் மட்டும் கேட்டார், "அந்தப் பள்ளத்தில் ஆண் மரம் எத்தனை?"

எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளக்கினார்கள். ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரம் பூக்கும், காய்க்காது. ஆனால் அது பக்கத்தில் இல்லாவிட்டால் பெண் மரத்துப் பூ பிடிக்காமல் உதிர்ந்துவிடும். நான் வாங்கிய முதல் வருடமே அந்தப் பள்ளத்தில் காய்க்காத ஏழு மரங்களைத் தேறாதவை என்று அடியோடு வெட்டித் தள்ளியிருந்தேன். ஏழும் ஆண். முப்பது வருடப் பழக்கம் அது. அன்றைக்கு என்னை யாராவது அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை, யாரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நோட்டில் ஏழு என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்றே எட்டுப் பேரும் பள்ளத்துக்குள் இறங்கினோம். இறங்கும்போது பாக் மாட், வழிவிடும்படி யாரிடமோ மலாயில் மெதுவாக அனுமதி கேட்டுக்கொண்டார். அக்கா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். மாதா கோயில் திருவிழாவிலிருந்து கொண்டுவந்திருந்த மந்திரித்த தண்ணீரை நாலாபக்கமும் தெளித்தார். நான் விபூதி பூசியிருந்தேன். ஆ செங், "எல்லா மதமும் வந்தாச்சு, இனி என்ன பயம்" என்றார். அடியில் போய் நின்று பேச்சை நிறுத்தினோம். பூ உதிர்ந்தது. யாரோ கை வைக்காமலே எங்கள் தோளைத் தொட்டுப் போவதுபோல உதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "டப்."

எட்டுப் பேரும் ஒரே பக்கம் திரும்பினோம். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. இரண்டு வருடமாக என் மண்டைக்குள் மட்டும் கேட்கிறதோ என்று பயந்திருந்தேன். ஒரு கூட்டத்தில் சேர்ந்தால் என்ன லாபம் என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், விளைச்சலையும் உரத்தையும் பிறகு சொல்வேன். நீ கேட்டது இன்னொருவருக்கும் கேட்டது என்று தெரிகிறதே, அதை முதலில் சொல்வேன்.

தேடினோம். ஓடைக்கு அந்தக் கரையில், யாருக்கும் சொந்தமில்லாத காட்டோரத்தில், உயரமாக ஒரு ஜாதிக்காய் மரம் நின்றது. அதில் காய் இருந்தது. விழுந்த காய் ஓடைக்குள் உருண்டு போனதால்தான் என் கண்ணில் படவில்லை. பாதி நிம்மதி. அந்தப் பெண் மரம் காய்த்தது என்றால் பக்கத்தில் எங்கோ ஓர் ஆண் மரம் இருக்க வேண்டுமே? பிரிந்து பிரிந்து தேடினோம். அக்கா தனியாக ஓடை வளைவுக்கு அப்பால் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. "வயசு லா, மூச்சு வாங்குது" என்றார். ஆண் மரம் கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தேடினோம், அன்றும் கிடைக்கவில்லை. சில மரங்கள் இரண்டு பூவும் பூக்கும் என்றார் பாக் மாட். ஏறிப் பார்த்தால் அதில் அப்படியும் இல்லை. அக்கா நோட்டில் "தெரியவில்லை" என்று எழுதினார். "தெரியாதத தெரியாதுன்னு எழுதி வைக்கணும் தம்பி. இல்லன்னா அந்த இடத்துல கதை வந்து உக்காந்துக்கும்." அந்தக் குரலில் ஏதோ இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எனக்குச் செய்ததை என் சொந்த அக்காகூடச் செய்திருக்கமாட்டார். தன் தோட்டத்து ஆண் மரக்கிளைகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, என் பெண் மரங்களில் ஒட்டுப் போட்டார். ஏதோ தங்கள் தப்பைத் திருத்துகிற கைகள் மாதிரி, அத்தனை பொறுமையாக அந்தக் கைகள் கட்டின. ஆறு ஒட்டில் ஒன்றுதான் பிடித்தது. இந்த வருடம் அந்த ஒரு கிளை பூத்தது.

அக்கா இருந்த கடைசிக் கூட்டம் அவர் வீட்டு முற்றத்தில். வெயிலிலும் அவர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மெலிந்துவிட்டார் என்று எல்லோரும் கவனித்தோம், யாரும் கேட்கவில்லை. தன் முறையைக் கடைசியாக வைத்துக்கொண்டார். கூட்டத்தில் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று நாங்கள் மலாயில்தான் பேசுவோம். அன்று அவர் தமிழில் தொடங்கினார். அங்கே தமிழ் புரிந்தவன் நான் ஒருவன்தான்.

"இது பழைய தப்பு. நோட்டுல இல்ல. உன் தோட்டம் சின்னையா அண்ணன்கிட்ட இருந்தப்ப, பள்ளத்துல குழி வெட்ட ஆள் கேட்டாரு. நான்தான் நாலு பேர அனுப்பினேன். மறுநாள் கோப்பிக் கடையில அவங்கள பாத்தேன். 'தானா சித்து கெராஸ், ஜாகா பாடான்'னு சொன்னேன். அங்க மண்ணு கெட்டி, முதுகு போயிடும், உடம்ப பாத்துக்குங்கன்னு சொன்னேன் தம்பி. மண்ணத்தான் சொன்னேன்."

அவர்கள் அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் பாலிக் புலாவ் முழுக்கச் சின்னையாவின் பள்ளம் கெராஸ் என்று ஆகிவிட்டது. அக்காவின் காதுக்கு வந்தபோது சிரித்திருக்கிறார். தானாக அடங்கிவிடும் என்று விட்டுவிட்டார். அடங்கவில்லை. ஆள் வரவில்லை. சின்னையா அண்ணன் தனியாக இறங்கி வேலை பார்த்தார். கொஞ்ச நாளில் அவருக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் பயந்து விற்றார்.

"சிம்பாங் அம்பாட்டுக்குப் போயும் அவரு விடல. எப்ப பாத்தாலும் கேப்பாரு. 'அங்க என்ன இருக்கு பிரிஜித்தா? உனக்கு ஏதாவது தெரியுமா?' தெரியும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒண்ணும் இல்லண்ணே, என் வாய் தான்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் தன் தோட்டத்துலயே செத்திருப்பாரு. சொல்லாமலே அடக்கம் பண்ணிட்டோம். இப்ப அங்க போனா எனக்கும் கேக்குது தம்பி. நான் போட்ட வார்த்தைதான் அங்க நடமாடுதோன்னு பயமா இருக்கு."

மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். சட்டப்படி யாராவது ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். கேட்கக்கூடியவன் நான் மட்டும்தான். எனக்குத் தலை கொதித்துக்கொண்டிருந்தது. மண்வெட்டி வாங்கிய அன்று நான் புரிந்துகொண்டதுதான் சரி! அதைத் தப்பு என்று உரக்கடையில் எனக்குத் திருத்திச் சொன்னவரே இவர். எல்லாம் தெரிந்துகொண்டே மந்திரித்த தண்ணீர் தெளித்திருக்கிறார். கூட்டத்துக்கு வா, வா என்று என் பின்னால் அலைந்தது இதற்குத்தானா? ஒட்டுப் போட்டது இதற்குத்தானா? நான் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. மீதி உங்களுக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். பெட்டிக்குள் அவர் முகம் ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு அப்படித் தெரிந்ததா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது. அதே முற்றம், அதே வட்டம். அக்காவின் நாற்காலியில் ரெஜினா நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நகரத்தில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருப்பவள், விடுப்பு எடுத்து வந்திருந்தாள். என் முறை வந்தது. அக்கா தமிழில் சொன்னதை ஒன்று விடாமல் மலாயில் சொன்னேன். பிறகு என் தப்பையும் சொன்னேன். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் எழுந்து போனேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அவர் செத்த செய்தியைப் பையில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டேன். பாக் மாட்டின் முகம் இருண்டு போயிருந்தது. அந்த வதந்தியை ஊருக்குள் நாலு பேரிடம் சொன்னவர்களில் தானும் ஒருவர் என்று பிறகு சொன்னார்.

பிறகு பாக் மாட்தான் கேட்டார், "அன்றைக்கு நீ கேட்டிருந்தால், என்ன கேட்டிருப்பாய்?"

நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதமாக அந்த ஒரு கேள்விதான் என் வாயில் இருந்தது.

"அங்க உங்களுக்கு என்ன கேட்டுச்சு அக்கா?"

தமிழில்தான் சொன்னேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. ரெஜினா நோட்டை மூடினாள்.

"எனக்குத் தெரியும் அங்கிள். அம்மா ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நீங்கல்லாம் ஆண் மரம் தேடினீங்களே, அன்னிக்கு. ஓடை வளைவுல அம்மா தனியா நின்னாங்களாம். பின்னால சின்னையா தாத்தா குரல் கேட்டுச்சாம். உயிரோட இருந்தப்ப கேட் சத்தம் கேட்டா ஒரு மாதிரி கேப்பாரே, 'யாரு அங்க?'ன்னு. அதே மாதிரி."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பயந்து வந்துட்டாங்க. அதுதான் அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் உறுத்தல். கேட்டவருக்கு மறுபடியும் பதில் சொல்லாம வந்துட்டேனேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

இது மருந்து மயக்கத்தில் ஒரு நோயாளி சொன்னது என்று நீங்கள் சொல்லலாம். முப்பது வருடம் தரம் பார்த்தவன், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நோட்டில் ரெஜினா எதுவும் எழுதவில்லை. நான் எழுதச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தனியாகப் பள்ளத்தில் இறங்கினேன். மஞ்சள் பூக்களை மிதித்துக்கொண்டு ஓடை வளைவு வரை போனேன். இலைகூட அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று, நான் யார் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பதுபோலவே இருந்தது. நான் திரும்பவில்லை. சத்தமாகச் சொன்னேன்.

"சின்னையாண்ணே, நான் பிரிஜித்தா அக்கா அனுப்பி வந்தேன். அவங்க சொன்னது மண்ணத்தாண்ணே. இங்க மண்ணு கெட்டி. அவ்வளவுதான் சொன்னாங்க. வேற ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட சொல்ல அவங்களுக்குப் பயம். அதான் நான் வந்தேன்."

என் குரல் அந்த மரங்களுக்குள் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பதிலும் வரவில்லை. மேலே ஏறி வந்து, சட்டையிலிருந்து பூக்களைத் தட்டிவிட்டு, கோப்பி குடித்தேன்.

பிரிஜித்தா அக்காவின் நோட்டு ரெஜினாவிடம் இருக்கிறது, கூட்டம் மீதி ஏழு பேரிடமும் இருக்கிறது. எனக்கென்று அவரிடமிருந்து வந்திருப்பது, அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் இந்த வேலை. ஒரு தடவை சொன்னால் இறந்தவருக்குக் கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இறங்கிப் போய்ச் சொல்கிறேன்.